இடது கன்னம்

விம்பிள்டன்
13 ஜூன் 1993

அன்புள்ள நரசிம்மன் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உங்கள் குடை என்னோடு வந்துவிட்டது. எங்களோடு படிக்கும் டொலறஸ் வகுப்பில் தருவாள்.

இத்தாலிய மொழி வகுப்பில் இத்தனை மாதம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அந்த நம்பிக்கையில்தான், கிளார்க்கன்வெல்லின் பழைய இத்தாலியத் தெருக்களில் சாப்பிட்டுக்கொண்டே நடக்கும் சுற்றுலாவுக்கு உங்களோடு வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை; வெள்ளியில் நான் சைவம். பன்றியின் கன்னத்து இறைச்சிக்குத்தான் இந்தக் கடை பேர்போனது என்று வழிகாட்டிப் பெண் சொல்லி வாய் மூடவில்லை, நீங்கள் பொரித்த சோற்றுருண்டை ஒன்றை என் கையில் வைத்தீர்கள். கடித்த பிறகுதான் பயம் வந்தது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "மச்சம் இருக்கோ?" என்று கேட்டேன்.

நீங்கள் என் முகத்தை உற்றுப் பார்த்து, "ஆமா, இடது கன்னத்துல. ரொம்ப அழகா இருக்கு" என்றீர்கள்.

பன்றியின் வலது கன்னம் என்றால் பரவாயில்லை என்று நினைத்தீர்களா?

வீட்டுக்கு வந்து தலை முழுகினேன், உங்களையும் சேர்த்து. நேற்றுப் பிள்ளையார் கோயிலில் போட்ட தோப்புக்கரணத்தால் இன்று படியிறங்க ஏலாமல் மாடியில் இருந்து எழுதுகிறேன். இனி வகுப்புக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
வத்சலா

ஹவுன்ஸ்லோ
16 ஜூன் 1993

அன்புள்ள வத்சலா,

குடை கிடைத்தது. டொலறஸ் அதை நீட்டிய விதத்தில், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

உங்கள் முகத்தைப் பற்றி வாய்தவறிச் சொன்னதற்காகத்தான் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள் என்று இருந்தேன். கடிதத்தில் பன்றி எப்படி வந்தது என்று புரியவில்லை. அலுவலகத்தில் யோகலிங்கத்திடம் கேட்டேன். அவரும் யாழ்ப்பாணம். சிரித்த சிரிப்பில் டீயைக் கொட்டிவிட்டார். "ஐசே, எங்களுக்கு மச்சம் எண்டா மீன், இறைச்சி! நீர் எதைப் பார்த்துச் சொன்னனீர்?"

எங்கள் கும்பகோணத்தில் மச்சம் என்றால் உடம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளி. கன்னத்தில் கை வைத்துக் கேட்டீர்கள். இருந்தது. சொன்னேன்.

உருண்டைக்குள் பட்டாணியும் சீஸும்தான். நான் முட்டைகூடச் சாப்பிடாதவன். கடைக்காரரைப் பாடாய்ப் படுத்திக் கேட்ட பிறகே வாங்கினேன்.

அழகா இருக்கு என்றதை மட்டும் வாபஸ் வாங்க முடியவில்லை. அது சங்கடமாக இருந்தால், நீங்கள் வகுப்புக்கு வாருங்கள், நான் வராமல் நின்றுகொள்கிறேன்.

நரசிம்மன்

விம்பிள்டன்
19 ஜூன் 1993

அன்புள்ள நரசிம்மன்,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்திருக்கக் கூடாது. நான் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டா.

கன்னத்தில் இருப்பதை எங்கள் வீட்டில் மறு என்போம். அதைப் பற்றிப் பேசியவர் அம்மா ஒருவர்தான். பவுடரைக் கொஞ்சம் கூடப் போடு என்பா.

போட்ட தோப்புக்கரணத்தைத் திருப்பி எடுக்க ஏலாது. பிள்ளையாரிடமே இருக்கட்டும். இனிமேல் செய்யும் பிழைக்கு உதவும்.

நீங்கள் நிற்கத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வருகிறேன், பவுடர் இல்லாமல். இவ்வளவு நாளும் என் இடது பக்கத்தில் சுவர்தான் இருந்தது. முந்திப் போனால், சுவர்ப் பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

அன்புடன்,
வத்சலா