மூச்சு வாங்குகிற சத்தம்

சம்பந்தி,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் ஒரு மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பாகூரில் நீங்கள் இருந்த வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்களாம், அதற்காகச் சுத்தம் செய்தபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் இந்தப் பை கிடைத்ததாம். உள்ளே நான் உங்களுக்கு வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு. "புதுசு மாதிரியே இருக்குது மாமா. வீணா போவுது, நீங்களாவது போட்டுக்குங்க" என்று என் காலடியில் வைத்துவிட்டு, பேரனைத் தேடி உள்ளே போய்விட்டார்.

தோல் வாசனை இன்னும் போகவில்லை. வலது காலை நுழைத்தேன். சுண்டுவிரல் பக்கம் ஏதோ தடுத்தது. வாருக்கு அடியில் விரலை விட்டு இழுத்தால், பஞ்சு. காய்ந்து, பழுப்பேறி, தட்டையாகிப் போன பஞ்சு. யாரோ மடித்து மடித்து, பொறுமையாக உள்ளே திணித்து வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நீங்கள்தான் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்போதும் முழுதாகப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் இருவருக்கும் நடுவில் எல்லாமே மரியாதையில்தான் ஆரம்பித்தது. என் பெண்ணை உங்கள் வீட்டில் கொடுத்த புதிதில் நீங்கள் அபிஷேகப்பாக்கம் வரும்போதெல்லாம் என் மனைவி நெய் ஒழுகக் கேசரி கிண்டுவாள். காபியில் கரண்டி நிற்கும், அவ்வளவு சர்க்கரை. நீங்கள் ஒரு சொட்டு விடாமல் குடிப்பீர்கள். நான் பாகூர் வந்தால் அதே கதை. சம்பந்தி அம்மா அப்போது இருந்தார்கள். அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டே போவார்கள், நானும் சாப்பிட்டுக்கொண்டே போவேன். பெண் கொடுத்த வீட்டில் தட்டில் வைத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குத் திரும்பி இரண்டு வேளை பட்டினி கிடந்து கணக்கை நேர்செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். நீங்களும் அதையே செய்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்த இடம் கண் பரிசோதனை வரிசை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, புதுச்சேரிக்கு அனுப்பியிருந்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாத நிலை. பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை எனக்குத் தெரியும்.

"சம்பந்திங்களா?" என்றேன்.

நீங்கள் இன்னொரு முறை செருமினீர்கள். பிறகு, "தெரிஞ்சவரு ஒருத்தருக்குத் துணையா வந்தேன் சம்பந்தி. நீங்க இன்னா இங்க?"

"நானும் துணைக்குத்தான்."

இரண்டு பேர் கண்ணிலும் சொட்டு மருந்து வழிகிறது. இரண்டு பேரும் துணைக்கு வந்திருக்கிறோம். அந்த நேரம் பார்த்து நர்ஸ் உங்கள் பெயரைக் கூப்பிட்டு, "சுகர் எத்தினி வருஷமா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். நீங்கள் மெதுவாக, "ஒம்பது" என்றீர்கள். நான், "எனக்கு ஏழு" என்றேன். அப்புறம் நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒப்பந்தம் போட்டோம். இரண்டு வீட்டிலும் இனிப்பு கிடையாது. என் மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "சம்பந்திக்குச் சக்கரை இல்லாத காபியா? ஊரு இன்னா சொல்லும்?" என்றாள். ஊர் வந்து மாத்திரை போடுமா என்று நீங்கள் கேட்டதாகச் சொன்ன பிறகுதான் அடங்கினாள். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. அதை நானே சேர்த்துச் சொன்னேன்.

மறு வருஷம் சம்பந்தி அம்மா தவறிப்போனார்கள். மகனும் என் பெண்ணும் வேலைக்காக வில்லியனூர் பக்கம் வீடு எடுத்திருந்தார்கள். கூப்பிட்டும் நீங்கள் போகவில்லை. பால் சொசைட்டி வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். ஒருநாள் போனில், "பேசாம இருந்து இருந்து வாயே ஒட்டிக்குது சம்பந்தி. காலைல எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு இருக்குது" என்று சொன்னீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னீர்கள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல.

அதற்குப் பிறகுதான் போன் நடை. காலை ஐந்தரைக்கு நான் கூப்பிடுவேன். நான் இங்கே வயல் ரோட்டில், நீங்கள் அங்கே பாகூர் ஏரிக்கரையில். காதில் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் நடப்போம். நேற்று என்ன சாப்பிட்டோம், மாத்திரை போட்டோமா, தூங்கினோமா, எல்லாம் ஒப்பிக்க வேண்டும். உங்கள் பக்கம் நாரை கத்துவது எனக்குக் கேட்கும். என் பக்கம் டிராக்டர் போனால், "யாரு வயல்ல தண்ணி கட்டி சேடை ஓட்றாங்க?" என்று கேட்பீர்கள். முதல் மாதம் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு வந்துவிட்டது. சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தீர்கள். கீரை விற்கிறவளோடு சண்டை போட்டதை எனக்கு ஒரு ஏரி தூரத்துக்குச் சொன்னீர்கள். அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

ஒரு சட்டம் நான் போட்டேன். நீங்கள் சோம்பலில் இரண்டு நாள் மட்டம் போட்டபோது, "நடக்காத ஆளுக்குப் போன் கிடையாது சம்பந்தி" என்றேன். சொன்னபடியே மூன்றாம் நாள் கூப்பிடவும் இல்லை. நான்காம் நாள் ஐந்து மணிக்கே நீங்கள் கூப்பிட்டு, "கரைக்கு வந்துட்டேன், பேசுங்க" என்றீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரால் முடியாததைச் சாதித்துவிட்டதாக என் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

பேரனுக்குக் காதுகுத்து வந்தது. பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் உங்களுக்கு வேட்டி சட்டை எடுத்தேன். கூடவே செருப்பு. உங்கள் ரப்பர் செருப்பு தேய்ந்து, குதிகால் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. தினமும் நடக்கிற மனிதருக்கு நல்ல செருப்பு வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது சரி. உங்கள் கால் அளவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும், சபையில் வைத்துக் கொடுத்தால்தானே சிறப்பு என்று, கடையில் என் காலில் போட்டுப் பார்த்து வாங்கினேன்.

"போட்டுக் காட்டுங்க சம்பந்தி" என்று அத்தனை உறவுக்காரர்களுக்கு முன்னால் சொன்னேன். போட்டீர்கள். நாலடி நடந்தீர்கள்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குது" என்றீர்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம். காலையில் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்தீர்கள். "நடந்துகிட்டேதான் இருக்கேன்" என்றீர்கள். முன்பைவிட அதிகம் பேசினீர்கள். ஒருநாள் நானே, "இப்பெல்லாம் உங்களுக்கு மூச்சே வாங்கல சம்பந்தி. என்னையே மிஞ்சிட்டீங்க" என்று பாராட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். நாரைச் சத்தம் கேட்காததை நான் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வந்த மாப்பிள்ளைதான் நீங்கள் காய்ச்சலில் கிடப்பதைப் பார்த்தார். காலில் துணி சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் துணியைப் பிரித்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், "எப்படி ஆச்சு?"

"கரையில முள்ளு குத்திடுச்சு சம்பந்தி. கருவேல முள்ளு."

"ஒரு மாசமா நடக்கறேன், நடக்கறேன்னு சொன்னீங்களே?"

"மொதல்ல கொஞ்ச நாளு நடந்தேன். அப்புறம் முடியல. நடக்கலன்னு சொன்னா நீங்க போன் பண்ணமாட்டீங்க. அதான், காலு நடக்கலன்னாலும் வாயாவது உங்ககூட நடக்கட்டும்னு..."

நான் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீங்கள் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தீர்கள். இரண்டாம் முறை பாதம் வரை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பதினோரு நாள், அவ்வளவுதான்.

போனுக்கு நான் போட்ட சட்டம் என் தப்பு என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தினமும் அதைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறேன். ஆனால் முள் என்று நீங்கள் சொன்னதை நம்பினேன் சம்பந்தி. ஏரிக்கரை முள்ளைத் திட்டிக்கொண்டே இத்தனை மாதம் இருந்துவிட்டேன். இப்போது இந்தப் பஞ்சு. செருப்பு கடித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ரப்பர் செருப்பைப் போட்டிருக்கலாம். "சம்பந்தி, பத்தல, மாத்திக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஞ்சு வைத்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். கடைசியில் என் கண்ணில் படக்கூடாது என்று டிரம்முக்குப் பின்னால் ஒளித்தும் வைத்திருக்கிறீர்கள். கேசரியை விழுங்கின அதே மரியாதை. இப்படி ஒரு மரியாதையை நான் கேட்டேனா?

கேட்டேன். சபையில் வைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேனே.

பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை திரும்பி வருகிற சத்தம் கேட்டது. சட்டைப்பைக்குள் போட்டு மறைத்துவிடத்தான் கை போயிற்று. அவருடைய அப்பா போனதற்கு நான் வாங்கிய செருப்புதான் காரணம் என்று மருமகனிடம் எந்த மாமனார் சொல்வார்? கை பாதி வழியில் நின்றது. நானும் ஒளித்தால் இது எங்கே போய் முடியும் என்று தோன்றியது.

"இங்க உக்காருங்க மாப்ள" என்றேன். பஞ்சைக் காட்டினேன். கடையில் என் காலில் போட்டுப் பார்த்து வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பஞ்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும் சுகர் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க மாமா" என்றார். "கம்பெனில டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு மாசம் ஆவுது. உங்க பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல. மாத்திரையும் வாங்கல. இப்பதான் அப்பா போனாரு, இதையும் எப்படி சொல்றதுன்னு..."

முப்பத்திநாலு வயது அவருக்கு. பத்து நிமிஷம் முன்னால், மாப்பிள்ளைக்கென்று என் மனைவி தனியாக வைத்துக் கொடுத்த பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்திருந்தார்.

உள்ளே இருந்த என் பெண்ணைக் கூப்பிட்டோம். அவரையே சொல்லச் சொன்னேன். அவள் அழுதாள், அப்புறம் இரண்டு மாதம் மறைத்ததற்காக அவரை ஒரு பிடி பிடித்தாள், அப்புறம் செவ்வாய்க்கிழமை லீவு போட்டு அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நடக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

செருப்பை யாருக்கும் கொடுக்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சாயங்காலம் கால் கழுவியதும் கட்டிலில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்க்கிறேன். கண் பார்த்த அன்றைக்கு அந்த நர்ஸ் நம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தாரே, விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். ஒரு காலைப் பார்த்து முடித்ததும் உங்கள் நினைப்பு வருகிறது. அடுத்த காலையும் பார்க்கிறேன்.

புதன்கிழமையிலிருந்து ஐந்தரைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறேன். சட்டம் எதுவும் போடவில்லை. நடந்தாலும் போன் உண்டு, படுத்திருந்தாலும் போன் உண்டு, உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை, "எழுந்துக்கவே இல்ல மாமா" என்றார். சரி என்று, அவர் படுக்கையில் கிடக்க நான் மட்டும் நடந்தபடி பேசினேன்.

இன்றைக்கு நடப்பதாகச் சொன்னார். நான் பேச்சை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். நன்றாக மூச்சு வாங்கியது சம்பந்தி.