மாடியில் துணி உலர்த்துகிறவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேனே என்று பதறாதே, மன்னித்துக்கொள். போனில் எனக்கு வாய் வராது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

தொலைநோக்கி லென்ஸ் சோதிப்பதுதான் இங்கே என் வேலை. அதன் வழியே தூரத்து மாடியைப் பார்த்து, தெளிவாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு பெண் தினமும் துணி உலர்த்துவாள். லென்ஸுக்குள் சத்தமே இல்லாமல் மிதந்து கிட்டே வருவாள். இந்த ஊரில் எனக்கு அவள்தான் துணை.

இந்த வாரம் வந்த லென்ஸின் நடுவே கூட்டல் குறி இருந்தது. துப்பாக்கிக்காம். அது அவள் கழுத்தில் போய் நின்றது.

"எல்லையக் காக்கத்தாம்மா. அடிக்க வந்தா கையக் கட்டிட்டு நிக்கணுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் சார் சுடும்?"

"அது நமக்கெதுக்கு? தெளிவா இருக்கா, அதச் சொல்லு."

"தெளிவாத்தான் இருக்கு சார்."

அன்று வீடு புகுந்து அடிக்க வந்தவர்கள் முன்னால் நீ உலக்கையோடு நின்றாயே, அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் திரும்பி ஓடியபோது நீ வாசற்படியைத் தாண்டவில்லை, அம்மா.

நேற்றுக் கனவில் அந்த மாடிக் கொடியில் உன் சேலை ஆடிக்கொண்டிருந்தது. பழைய சேலை ஒன்று அனுப்பேன், போர்த்திக்கொள்ள. கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்.

நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். இந்த வேலையை விட்டுவிடட்டுமா, அம்மா?