அவ வாயும் வயிறுமா இருக்கா

மார்ச் 3

பெரியப்பாவோட கைத்துப்பாக்கி இனிமே எனக்கு, எனக்கு, எனக்கே எனக்கு!!!

உயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நோட்டுத் தாளில் நாலு வரி. கடைசி வரி: "துப்பாக்கி மூத்தவளுக்கு. அவள்தான் அதைப் பற்றிக் கேள்வி கேட்டவள்." அப்பா படித்துவிட்டு, "போயும் போயும் இதையா குடுத்தாரு அண்ணன்? பழைய இரும்புக்குப் போடு" என்றார்.

அப்பா! இருநூறு வருஷத்துப் பொருள்ப்பா அது!

மார்ச் 4

அளந்தாச்சு. பதினாலு அங்குலம். சிக்கிமுக்கிக் கல் வைத்துப் பொறி தட்டும் வகை. கல் மட்டும் காணோம். குழலில் தேய்ந்துபோன முத்திரை. இணையத்தில் இருக்கும் பழைய ஆயுதக் குழுவில் பன்னிரண்டு படம் போட்டேன். ஏல விலைகளைப் பார்த்து நானே போட்ட மதிப்பு: நாலு லட்சம். விசை வேலை செய்தால் நாலரை என்கிறார் குழுவில் ஒருத்தர். துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கச்சி பெரியப்பா குரலிலேயே, "ஏய், தொடாத! அவ வாயும் வயிறுமா இருக்கா!" என்றாள். வீடே சிரித்தது. கல்யாணமே பண்ணாத மனுஷன், சுவரில் தொங்கும் துப்பாக்கியைப் பிள்ளைத்தாச்சி ஆக்கிவிட்டார். வாய் என்றால் குழலின் வாய். கைப்பிடி உப்பலாக இருக்கும், அதுதான் வயிறு. எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு மட்டும் அலுக்காத ஜோக்.

மார்ச் 6

துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டேன். அசையவில்லை.

மார்ச் 7

லேசாக அசைகிற மாதிரி — இல்ல, பிரமை.

மார்ச் 9

டக்!!!

விசை விழுந்துடுச்சு! தங்கச்சி என் நெற்றிக்கு நேராகப் பிடித்து இருபது தடவை இழுத்தாள். "அக்கா, நீ காலி! மறுபடியும் காலி!" எல்லாம் வீடியோவில் இருக்கிறது. கல்லுக்கு ஆர்டர் போட்டாச்சு. அது வந்ததும் இதே மாதிரி இன்னொன்று, பொறி பறக்க. வீடியோ பிச்சுக்கும்.

மார்ச் 12

இதை இப்பவே எழுதிடணும்.

காலையில் பழம்பொருள் மதிப்பிடுகிறவர் வந்தார். அம்மா வயசு இருக்கும். முத்திரை, வருஷம், ஏல விலை — மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முழுசாகக் கேட்டார்.

"நல்லாப் படிச்சிருக்கம்மா. குழலுக்குள்ள குச்சி விட்டுப் பாத்தியா?"

"எதுக்கு மேடம்?"

மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டார். வாய் விளிம்பில் விரலால் அளவு பிடித்து, வெளியே எடுத்து, குழலின் மேலேயே வைத்துக் காட்டினார். அடிவரை போயிருக்க வேண்டும். இரண்டு விரற்கடை குறைந்தது.

"தூசியா?" என்றேன்.

அவர் துப்பாக்கியின் வாயை என் பக்கமிருந்து மெதுவாக வெறும் சுவர் பக்கம் திருப்பினார்.

ஐயோ.

"மருந்தும் குண்டும் உள்ளயே இருக்கு. கெட்டிச்சு வெச்சவங்க சுடவே இல்ல."

"இருநூறு வருஷமாச்சே... செத்துப் போயிருக்காதா?"

"நனையாத மருந்து சாகாதும்மா. உன் நல்ல நேரம், கல்லு இல்ல. குழல் அடியில இருக்கிற இந்தச் சின்ன ஓட்டை வழியா ஒரு பொறி உள்ள போனாப் போதும்."

மேசைமேல் காலையில் வந்த பார்சல். இன்னும் பிரிக்கவில்லை. கல்.

"வாயும் வயிறுமா இருக்கா," என்றேன். நான் சொல்லவில்லை, வாயே சொன்னது.

வாசலில் நின்ற அப்பா உள்ளே வந்தார். "எங்க தாத்தாவும் அதையேதான் சொல்வாரு. அண்ணன் சும்மா அவரைக் காப்பியடிக்கிறாருன்னு நெனச்சேன்டி..."

மார்ச் 13

தங்கச்சி சாப்பிடவில்லை. "இருபது தடவைக்கா," என்கிறாள்.

மார்ச் 16

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். கோலிக்குண்டைவிடச் சின்ன ஈயக்குண்டு. ஒரு ஸ்பூன் கறுப்புப் பொடி. அவ்வளவுதான்.

அந்த மேடத்தின் மதிப்பும் வந்தது: ஒண்ணேகால் லட்சம். துருவை நான் சுரண்டியதற்காகக் குறைத்தாராம். சண்டை போடத் தோன்றவில்லை. சான்றிதழின் அடியில் கையால் ஒரு வரி: "குழல் இப்போது காலி." தங்கச்சி அதை மூன்று தடவை படித்தாள். அப்புறம் தட்டை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 17

வீடியோவை அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

குழுவில் போட்டது, இங்கேயும் இருக்கட்டும்:

"நாலு லட்சம்னு அலட்டினேன்ல, அது நான்தான். முத்திரையைப் பாத்தேன், விலையைப் பாத்தேன், வயித்தைப் பாக்கல. உங்க வீட்டுச் சுவத்துல பழைய துப்பாக்கி தொங்குதா? நீங்களா நோண்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. இதை எல்லாருக்கும் அனுப்புங்க. அப்புறம் ஒண்ணு — அந்தத் துப்பாக்கியைப் பத்தி வீட்டுல யாராவது ஒரே ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வாங்களா? அதை ஒரு வார்த்தை மாத்தாம கீழ எழுதுங்க. நான் ஒவ்வொண்ணாப் படிக்கிறேன்."