தண்ணீருக்குக் கோபம்

அன்புள்ள சிணுங்கிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். அவளிடம் மூன்று தடவை கெஞ்சி உன் முகவரியை வாங்கினேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. திட்டுவதாக இருந்தாலும் படித்து முடித்துவிட்டுத் திட்டு. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுதுகிறேன். ஆனால் கை நிற்க மாட்டேன் என்கிறது. சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது.

முதலில் தலைப்புச் செய்தி. நம் வானொலி நிலையத்தில் உன் மொழி திரும்ப வந்துவிட்டது! உன் மொழிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு நிமிஷம் என்று ஒதுக்கினார்களே, அப்படி இல்லை. தினமும், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை. ஊர்மொழி, தமிழ், உங்கள் மலைமொழி மூன்றும் ஒரே மேஜையில், ஒரே நிகழ்ச்சியில். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கரிக்கிறது. இரு, விவரமாகச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை எட்டே முக்காலுக்குக் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒருவர் பைக்கில் பறந்து வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மேட்டுக் குடியிருப்புக்குத் தண்ணீர் போகிற தொட்டியைக் கழுவியவர்கள், கழுவிய மருந்தைச் சரியாக வெளியேற்றாமல் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அடைத்துவிட்டோம், ஆனால் குழாய்க்குள் போனது போனதுதான், யாரும் குடிக்கக் கூடாது, உடனே அறிவியுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். அதில் "வேதிப்பொருளின் செறிவு" என்றெல்லாம் எழுதியிருந்தது. ஊர்மொழியில் வாசித்தார்கள். அடுத்து நான் தமிழில் வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. மேட்டுக் குடியிருப்பில் இருப்பது யார்? முக்கால்வாசிப் பேர் உன் ஆட்கள்.

ஓடிப்போய் அன்றைய பொறுப்பு அதிகாரியிடம் மலைமொழியிலும் சொல்ல வேண்டும் என்றேன். அவர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதானே நேரம் ஒதுக்கியிருக்கு என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அட்டவணையைப் பார்த்துத்தான் சொன்னார்! அதுவும் இல்லாமல் பேச ஆள் ஏது என்று கேட்டார். அந்த ஏழு நிமிஷத்திலும் பதிவு செய்த பாட்டுதானே போடுகிறார்கள். நீ போன பிறகு அந்த மொழியில் இங்கே ஒரு குரலும் இல்லை.

நான் திரும்பி ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டர் அண்ணன் இருந்தார். உனக்கு நினைவிருக்கும், ஒலிப்பதிவுக்காரர், நாள் முழுக்க ஒலி மீட்டர் ஊசியையே பார்த்துக்கொண்டு இருப்பாரே, அவர்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த பாட்டை இறக்கினார், மைக்கைத் திறந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

இப்போது பேச வேண்டும். உன் மொழியில் "நஞ்சு" என்பதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. "மருந்து" தெரியாது, "குழாய்" தெரியாது. கேன்டீனில் உட்கார்ந்து நீ எனக்குச் சொல்லித் தந்தது எல்லாம் சாப்பாடு, சண்டை, சமாதானம், இந்த மூன்றுக்கான சொற்கள்தான். இருப்பதை வைத்துச் சமாளித்தேன். "தண்ணீருக்குக் கோபம். பெரிய கோபம். வீட்டுக்குள் வருகிற தண்ணீர். குடிக்காதே. பிள்ளைக்குக் கொடுக்காதே. நாளைக்குச் சமாதானம் ஆகும்." இதைத்தான் சொன்னேன். நீ இங்கே இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாய். கடைசியில் நம் தொலைபேசி எண்ணையும் சொன்னேன். எண்கள் மட்டும் எனக்குச் சுத்தமாக வரும், நாம் பல்லாங்குழி ஆடிய புண்ணியம்.

இரண்டு நிமிஷம் இருக்கும், போன் அடித்தது. ஒரு பெண். நான் உளறியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரித்து முடித்துவிட்டு, கோபம்னா எந்த மாதிரிக் கோபம், கொதிக்க வச்சா தணியுமா என்று ஊர்மொழியில் கேட்டாள். தணியாது, கீழே கொட்டிவிடு என்றேன். அவள் உடனே சரியான சொற்களை எனக்குச் சொல்லித் தந்தாள். எழுதிக்கொண்டு மறுபடி மைக் முன்னால் போனேன். பாட்டுக்கு ஒரு தடவை என்று மதியத்துக்குள் பதினொரு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் யாராவது கூப்பிட்டு ஒரு சொல்லைத் திருத்தினார்கள். பதினோராவது தடவை ஓரளவு மனுஷ பாஷையாக இருந்தது என்று மீட்டர் அண்ணன் சொன்னார்.

மேட்டுக் குடியிருப்பில் பிள்ளைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள். அங்கே இருக்கிற ஆயா அந்தத் தண்ணீரில் பால்பொடி கரைத்து, டம்ளர்களை வரிசையாக அடுக்கியிருந்தாளாம். சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ ஒரு கிறுக்கி நம்ம பாஷையைக் கொல்லுறாளே என்று சத்தத்தைக் கூட்டிக் கேட்டிருக்கிறாள். கேட்டதும் முப்பத்திரண்டு டம்ளரையும் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் அவளே நிலையத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். குடியிருப்பில் நாலு பேருக்கு மட்டும் வாந்தி. அவர்களும் அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? விளக்கம் கேட்டு ஒரு ஓலை. அனுமதி இல்லாமல் அட்டவணையை மீறியது, அங்கீகரிக்கப்படாத மொழிபெயர்ப்பு, இப்படி ஐந்து குற்றம். மீட்டர் அண்ணனுக்கும் ஒன்று. அவர் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஆனால் அன்று வந்த தொலைபேசி அழைப்புகளை வரவேற்பில் இருந்த அக்கா ஒன்று விடாமல் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாள். நூற்று அறுபத்து மூன்று. ஒரே நாளில்! அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். நம் நிலைய இயக்குநர் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இத்தனை பேரும் இவ்வளவு நாளா எங்கேதான் இருந்தாங்க என்று கேட்டார். ரேடியோ பக்கத்துலதான் சார் இருந்தாங்க, நம்ம நம்பரைத்தான் யாரும் அவங்க பாஷைல சொன்னதே இல்ல என்றார் மீட்டர் அண்ணன்.

அது உண்மைதானே? ஊர்மொழியிலும் தமிழிலும் மணிக்கு நாலு தடவை எண்ணைச் சொல்கிறோம். மலைமொழி நிகழ்ச்சிக்கு மட்டும் "எங்களுக்குக் கடிதம் எழுதுங்கள்." உன் மொழியில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? பேசுகிற மொழி, பாடுகிற மொழி. அதை எழுதிப் பழக்கமே இல்லாதவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை என்று காரணம் காட்டித்தானே உன் ஒரு மணி நேரத்தைப் பறித்தார்கள்.

அதை முடிவு செய்த அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது. நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். கேட்பவர்களே இல்லை என்று இயக்குநர் சொன்னபோது நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் குனிந்து ஃபைல் அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். உன் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிஷம் தமிழுக்கு வரப்போகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்த இருபது நிமிஷத்துக்கு என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியலும் போட்டு வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் நீ ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். நான் பின்னாலேயே வரவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

தலைமை அலுவலகத்தார் என்னிடம், அப்போது யாரும் ஆட்சேபிக்கவில்லையா என்று கேட்டார்கள். நான் இருந்தேன், ஆட்சேபிக்கவில்லை, எனக்கு அதில் ஆதாயம் இருந்தது என்றேன். அந்த இருபது நிமிஷத்தையும் திருப்பித் தருவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவர்களோ கொடுக்கல் வாங்கல் எல்லாம் வேண்டாம், மூன்று மொழியும் சேர்ந்தே ஒரு நிகழ்ச்சி செய்யுங்களேன் என்றார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை பார்!

போன வெள்ளிக்கிழமை முன்னோட்டமாக ஒரு நாள் ஒலிபரப்பிப் பார்த்தோம். அடேயப்பா, அதை எப்படிச் சொல்வேன்! ஒருவர் சொன்னதையே அடுத்தவர் மொழிபெயர்த்து ஒப்பிப்பது கிடையாது. ஊர்மொழிக்காரர் பஸ் நேரம் மாறியதைச் சொல்வார், நான் அந்த பஸ்ஸில் குடையைத் தொலைத்தவரைப் பற்றிச் சொல்வேன், மலைமொழியில் குடையைக் கண்டெடுத்தவர் பேசுவார். மூன்றில் எது தெரிந்தாலும் கதை புரிந்துவிடும். மலைமொழிக்குக் காப்பகத்து ஆயாவைக் கூட்டி வந்தோம். மைக்குக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாள் போல, போட்டாள் பார் ஒரு சத்தம்! ஊசி சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மீட்டர் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். ஆனால் அவள் ஒரு தாலாட்டு பாடினாள் பார், மூன்று பேரும் அடுத்து யார் பேச வேண்டும் என்பதையே மறந்துபோனோம். பதினைந்து விநாடி வெறும் மௌனம் ஒலிபரப்பாயிற்று. யாருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரவில்லை.

ஆயாவால் தினமும் வர முடியாது, அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் மலைமொழி அறிவிப்பாளர் பணி நிரந்தரப் பணியாக வந்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசித் தேதி இருபத்தெட்டு. நீ அங்கே ஆஸ்பத்திரியில் ஒலிபெருக்கியில் டோக்கன் எண் கூப்பிடுகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். அந்தக் குரலில் தன் எண்ணைக் கேட்கிற நோயாளிக்குப் பாதி நோய் தீர்ந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சிணுங்கி, எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவா உனக்கு அந்தக் குரல்?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். படிவத்தை நேராக நிலையத்துக்கு அனுப்பினால் போதும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்பதற்காக வராமல் இருந்துவிடாதே. சாயங்கால நிகழ்ச்சியில் தமிழுக்கு வேறு ஒருவரைப் போடச் சொல்லி நான் கேட்டுவிட்டேன், இயக்குநரும் சரி என்றுவிட்டார். நான் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொள்வேன். நீ வரும் நேரத்துக்கு நான் வீட்டுக்குப் போயிருப்பேன், வாசலில்கூட எதிர்ப்பட மாட்டேன். வீட்டில் ரேடியோ இருக்கிறது. ஐந்து மணிக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அது போதும் எனக்கு.

ஒருவேளை அதற்கு அவசியமில்லை என்று உனக்கே தோன்றினால், இயக்குநரிடம் ஒரு வார்த்தை சொல். நான் மறுநாளே சாயங்காலத்துக்கு வந்துவிடுவேன்.

நன்றாக இரு. தொண்டையைப் பார்த்துக்கொள். இருபத்தெட்டாம் தேதியை விட்டுவிடாதே.

என்றும் உன் அன்பை வேண்டும்,
தமிழ்ப் பிரிவுக்காரி