மேப்பிளுக்கு எதிராக என் முத்திரை

மருமகனே,

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நேரில் பேச வாய் வரவில்லை.

நம் தெரு மேப்பிள் மரம் இந்த வருஷம் அப்படிச் சிவந்திருக்கிறது. நேற்று, மேப்பிளுக்கே பேர்போன கியோட்டோக்காரர்களே நாற்பது பேர் ரயிலேறி வந்து பார்த்துவிட்டு, பொறாமையில் சாப்பிடாமல் திரும்பிப் போனார்கள். சரி, நான்கு பேர்.

போன வாரம் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டையை நீதான் கொண்டுவந்தாய். "சாக்கடை சுத்தம் பண்றாங்களாம் மாமா, முத்திரையைக் குத்துங்க" என்றாய். கடினமான எழுத்துகள் எனக்குப் படிக்க வராது என்பது உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் தெரியும். கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்திவிட்டேன்.

இன்று மரத்தை வெட்ட அளவெடுத்துப் போனார்கள். எதிர்வீட்டு சயோகோ அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "வெட்டச் சொல்லி நீங்களே முத்திரை குத்தியிருக்கீங்களே! படிக்காமலா குத்தினீங்க?"

"ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுத்தாம்மா குத்தினேன்" என்றேன்.

தெருக்காரர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டத்தில் நீயும் நின்றாய். "என்ன மாமா, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று உச்சுக்கொட்டினாய்.

உன் கார் மேல் இலை விழுகிறதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தினமும் நானே வந்து துடைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மாமா