தண்டவாளம் இல்லாத பாலத்தில் மைனியோடு

அன்புள்ள செல்லையன் அண்ணே,

இது என் கையெழுத்து. நம்புவியா? எழுபது வயதில் கோவில் ஹாலில் எழுத்துப் படித்து, நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு வரி முடியும்போதெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

நாம் இரண்டு பேரும் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாக நடந்து தேய்ந்த ரயில்பாதை இப்போது இல்லை. வளைவை நேராக்க, தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் புதுப்பாதை போட்டார்கள். பழைய தண்டவாளத்தைப் பறித்துவிட்டார்கள். மேடு அப்படியே கிடக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போக சைக்கிளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை பந்த். காலையில் உன் வீட்டுக்காரிக்கு, நம்ம மைனிக்கு, நெஞ்சுவலி. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ இல்லை, ஆம்புலன்ஸும் வர வழியில்லை. மைனியைக் கேரியரில் ஏற்றி, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பழைய மேட்டில் ஏறினேன்.

பழைய ரயில் பாலத்தின் நடுவில் போகும்போது முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. முப்பது வருசப் பழக்கம், அண்ணே. ரயில் வந்தால் நாம் ஒதுங்கி நிற்கிற சின்னத் தட்டு இருக்குமே, அதற்குள் சைக்கிளையும் மைனியையும் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ரயில் தோப்புக்கு அந்தப் பக்கமாகப் போனது.

மைனி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏலே, தண்டவாளத்தப் பறிச்சு ரெண்டு வருசமாச்சு. இனி ரயிலு ஒனக்க மண்டைக்க மேலயா வரும்?"

"மறந்துட்டேன் மைனி."

"என்னையும் ஒனக்க அண்ணன்கிட்ட கொண்டு சேத்தாத்தான் ஒனக்கு ஆறும்."

மைனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இழுத்துப் போட்டதில் சைக்கிள் செயின் கழன்றிருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை மிதித்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

உன் கடைசி நாளில் உன்னைக் கொண்டு போனதும் அதே ஆஸ்பத்திரிதான். மூன்று கதவு, மூன்றின் மேலும் எழுத்து. யாரிடமாவது கேட்டிருக்கலாம். வாசிக்கத் தெரியாதவன் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில், ஆள் அதிகம் நின்ற வரிசையில் போய் நின்றேன். அது கண் காட்ட வந்தவர்கள் சீட்டு எடுக்கிற வரிசை. நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்லைலே" என்று சிரித்தாய். அந்த நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா, அண்ணே? இதை மைனியிடம் இதுவரை நான் சொன்னதில்லை.

இந்த முறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். அ, வ, ச, ர. மிச்ச எழுத்துக்கு நிற்கவில்லை. மைனியைத் தாங்கிக்கொண்டு நேராக உள்ளே போனேன்.

மைனி வீட்டுக்கு வந்துவிட்டார். நெஞ்சுவலி போய்விட்டது, கேரியரில் இருந்த வலிதான் போகவில்லை என்கிறார். "எப்பிடிலே ஒனக்கு கதவு தெரிஞ்சுது?" என்று கேட்டார். வாசித்தேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் இந்தக் கடிதத்தை மைனிக்கு நானே வாசித்துக் காட்டுவேன். அந்த வரிசையில் நின்றதை எழுதிய இடத்தையும் விடாமல் வாசிப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

கூடப் பிறக்காத உன் தம்பி,
தங்கப்பன்