எறும்பு வராத பாத்தி

8-1-95, ஞாயிறு
காலையில் பனி. புறவாசலில் பாத்தி கட்டினேன், இரண்டு. முதுகு போச்சு. மனைவி கோமதிக்கு இது ஐந்தாம் மாதம். போன வருஷம் ஐந்தில்தான் கரு கலைந்தது. அதனால் மருந்து படாத கீரைதான் வேண்டுமாம், அதுவும் அவள் கையால் விதைத்தது. நான் நடத்துவதோ பூச்சிமருந்துக் கடை. முக்கூடல் பஜாரே சிரிக்கும். சிரிக்கட்டும்.
போட்டது: மக்கிய சாணி, வேப்பம்புண்ணாக்கு, சாம்பல். விதை சிறுகீரை.

10-1, செவ்வாய்
விதை முழுக்க எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சாரை சாரையாக. கோமதி சாப்பிடவில்லை. "நான் எதத் தொட்டாலும் தங்காது" என்றாள். இந்தப் பேச்சை மட்டும் என்னால் கேட்க முடியாது.

12-1, வியாழன்
மறுவிதைப்பு. கீரை விதை வாங்க வருகிறவர்களிடம் பத்து வருஷமாக ஒரே பாட்டு: "ஒரு கை எறும்புப் பொடி கலந்து வெதைங்க அண்ணாச்சி." அதையே செய்தேன். அவள் அடுக்களையில் இருந்த நேரம், மணலோடு விதை, விதையோடு பொடி. வாடை தெரியாமலிருக்கச் சாம்பல்.
தூவியது அவள். அவள் கையால்!
"ஏளா, சோப்பு போட்டுக் கழுவு."
"மண்ணுதான? என்ன செய்யும்?" சிரிக்கிறாள்.

22-1, ஞாயிறு
வெயில். பாய் விரித்த மாதிரி முளைப்பு. பக்கத்து வீட்டு லட்சுமி மதினியை மதிலுக்குக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். "எறும்பே அண்டல மதினி. எல்லாம் புண்ணாக்கு செய்யுத வேலை."
"எனக்கும் ஒரு பிடி தா தாயி."
நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.
மாலை, கடையில் பொடி டப்பாவை எடுத்துப் படித்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. மண்டையோட்டுப் படம் பெரிசு, எழுத்து எறும்பளவு. எத்தனை நாள் கழித்துக் கீரையைத் தின்னலாம் என்று ஒரு வரி இல்லை.

3-2, வெள்ளி
தலைவலி. கடையில் ஒருவர் கேட்டது யூரியா, நான் கொடுத்தது பொட்டாஷ். ஏச்சு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பறிக்கப்போகிறாளாம், பருப்பு போட்டுக் கடையப்போகிறாளாம். சொன்னால் மறுபடி அந்தப் பேச்சு. சொல்லாவிட்டால் வயிற்றுக்குள் போகும். இரண்டு தடவை வாயெடுத்தேன். உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன். கோழைப் பயல் நான்.

5-2, ஞாயிறு
விடிகிற நேரம் இரண்டு பாத்தியையும் வேரோடு பிடுங்கினேன். சாக்கில் திணித்து, கடைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. வீட்டுக்கு வந்து, மதினி வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது என்றேன்.
கோமதி நேரே மதிலுக்குப் போய்ச் சண்டை. தெருவே கேட்டது. மதினி விடவில்லை: "எங்க ஆடு மூணு நாளா எங்க அம்மை வீட்ல கெடக்கு. ஆடு எலையத்தான் திங்கும், வேரையுமா புடுங்கும்? உங்க வீட்டு ஆம்பளையக் கேளு."
வந்து கேட்டாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். உனக்காகத்தான் என்றும் சொன்னேன். சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது.
அழவில்லை. ஏசவில்லை. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.
"போன வருசம் அரிசிப் பானையச் சுத்தி எறும்பு வந்துச்சே. ஒரே நாள்ல காணாமப் போச்சு. அப்பவும் இதத்தான் போட்டியளா?"
போட்டேன். இங்கே எழுத முடிகிறது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பதிலுக்கு.